மரம் வந்து மோதிய வண்டி

எங்கள் மாமாவின் பிக்கப் வண்டி மரத்தில் மோதவில்லை. மரம்தான் வந்து வண்டியில் மோதியது. இதை எழுத இன்சூரன்ஸ் படிவத்தில் இடமே கிடையாது.

2011 டிசம்பர் 30, காலை நேரம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிக்கொண்டிருந்தது. திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று எங்கள் ஊருக்குப் பெயர்க்காரணம் சொல்வார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டை நான்கு வழியாக்கியபோது அந்தக் காட்டின் வாரிசுகளையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்த ஒரு கிழட்டுப் புளியமரம் மரக்காணம் ரோட்டோரம், மாமாவின் குடோனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. குலத்துக்கே சேர்த்து அது அன்றைக்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டது.

'விபத்தின்போது வாகனத்தின் வேகம்?' என்று படிவம் கேட்டது. மாமா யோசித்து எழுதினார்: 'பூஜ்யம். மரத்தின் வேகம் தெரியவில்லை.'

சர்வேயர் வந்தார். முன்பக்கம் அப்பளம். நம்பர் பிளேட் மரத்துக்கு அடியில். உருப்படியாக இருந்தது பின்கதவு ஒன்றுதான். அதில் மஞ்சள் பெயிண்டில் 'மயிலம் முருகன் துனை' என்று எழுதியிருந்தது. 'துணை'க்கு மூணு சுழி வேண்டும். பெயிண்டர் ரெண்டு சுழியோடு நிறுத்திவிட்டார். திருத்தச் சொன்னபோது வரியையே அழித்து எழுத வேண்டும், ஐம்பது ரூபாய் ஆகும் என்றாராம். "முருகனுக்குப் படிக்கத் தெரியும், விடு" என்று மாமா அப்படியே ஓட்டிவந்தார். சர்வேயர் அந்தக் கதவைப் படம் எடுத்துக்கொண்டு, 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்.

அது எந்தக் கம்பெனி வண்டி என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சைஸ் புளியமரம் விழுந்தால் எந்த வண்டியும் அப்பளம்தான். பாவம், கம்பெனியை ஏன் இழுக்க வேண்டும்?

பொங்கல் முடிந்ததும் மாமா வீட்டுத் திண்ணையில் சபை கூடியது. விழுப்புரத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்து, கழகத்தின் பெயரை அரசாங்கம் மாற்றிய பிறகும் அதே ஒர்க்‌ஷாப்பில் அதே ஸ்பேனரோடு இருந்து ரிட்டயர் ஆனவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் விக்கிரவாண்டி டோல்கேட் இருக்கிறது, 1993 இருக்கிறது. தென்னார்க்காட்டைப் பிரித்தபோது மாவட்டத் தலைநகர் விழுப்புரத்துக்குப் போய்விட்டது. அதை மாமா இன்னும் மன்னிக்கவில்லை. டி.என். 16 சொல்வதை டி.என். 32 ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

மாமா மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலை என்று புத்தகத்தில் இருப்பது எங்கள் பக்கம் மல்லாட்டை. மார்க்கெட் கமிட்டியில் எடுத்து எண்ணெய் ஆலைக்கு ஏற்றுவது தொழில். அவர் எழுந்து நின்று அறிவித்தார்: "இந்தத் தடவை நம்ம தமிழ்நாட்டுல செஞ்ச வண்டிதான். எண்ணூர் வண்டி. அசோக் லேலண்டு. பேச்சு முடிஞ்சிது."

பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

"அசோக்குன்னா யாருன்னு தெரியுமாய்யா?" என்றார் பெரியப்பா.

"அசோகச் சக்கரவர்த்தி. சாலையோரம் மரம் நட்டாரே."

"அவர் நட்ட மரம்தான் உன் வண்டி மேல விழுந்திச்சி. இது வேற அசோக்கு."

பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சரித்திரத்தை அவிழ்த்தார். ரகுநந்தன் சரண் என்று ஒருவர் வடக்கேயிருந்து வந்து, 1948இல் எண்ணூரில் கம்பெனி தொடங்கினார். தன் மகன் அசோக்கின் பெயரை அதற்கு வைத்தார். மாமா தன் வண்டிக் கண்ணாடியில் மகள் பெயரை எழுதவில்லையா, அதே பாசம்தான். அவருக்குக் கண்ணாடி கொஞ்சம் பெரிது. முதலில் அங்கே பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 என்ற இங்கிலாந்துக் கார். பிறகுதான் லேலண்ட் வந்து சேர்ந்தது. லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு ஊர். நமக்குத் திண்டிவனம் மாதிரி அவர்களுக்கு லேலண்ட். 1896இல் நீராவியில் ஓடும் வேன் செய்ய ஆரம்பித்தவர்கள். 1955இல் மகன் பெயரும் ஊர் பெயரும் சேர்ந்து அசோக் லேலண்ட்.

"அப்புறம் 1987ல வெள்ளக்காரன் பங்கை இந்துஜா குடும்பமும் இத்தாலிக்காரன் இவெகோவும் வாங்கிட்டாங்க. இப்ப புதுசா சின்ன வண்டி விட்டிருக்கான், ஜப்பான்காரன் நிசானோட கூட்டு. பேரு தோஸ்த்து. அதுவும் எண்ணூர்ல செய்யலை, ஓசூர்ல. ஓசூர்ல கல்லை விட்டெறிஞ்சா கர்நாடகாவுல விழும். பஞ்சாபிப் பிள்ளை பேரு, இங்கிலீஷ் ஊர் பேரு, ஜப்பான் கூட்டு, இந்துஸ்தானிச் செல்லப்பேரு. இதுல தமிழ்நாடு எங்க இருக்குது, காட்டு."

"டிரைவர் தமிழன்" என்றார் மாமா, குரல் இறங்கி.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா புகுந்தார். அவர் சுதேசி. டாடாவைத் தவிர வேறு வண்டியில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். "குட்டி யானை எடுங்க. சந்துல பூந்து வரும். அக்மார்க் இந்தியா."

குட்டி யானைக்கும் ஜாதகம் இருந்தது. டாடா கம்பெனி 1945இல் ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்யப் பிறந்தது. லாரிக்கு ஆசை வந்தபோது 1954இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு சம்பந்தம் பேசியது. வண்டி மூக்கில் மூணு முனை நட்சத்திரம். சுமார் 15 வருஷம் மூக்குத்தி மின்னியது. 1969இல் உறவு முடிந்ததும் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு 'டி' என்ற எழுத்தை மாட்டிக்கொண்டார்கள். மூக்கு அதே மூக்குதான். 2005இல் வந்த குட்டி யானைக்கு ரெண்டே சிலிண்டர். புனேயில் பிறந்தாலும் பிறகு இமயமலை அடிவாரத்துப் பந்த்நகரில் வளர்ந்தது.

"யானை இமயமலையிலேர்ந்து வந்தா சுதேசிதானே?" என்றார் சித்தப்பா.

"இன்னொண்ணு கேளு" என்றார் பெரியப்பா. அசோக் லேலண்ட் பங்கை 1987இல் விற்றது யார்? லேண்ட் ரோவர் குடும்பத்துக் கம்பெனி. அந்த லேண்ட் ரோவரை 2008இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது யார்? டாடா. "ஆக, எண்ணூர்ப் பொண்ணோட பழைய மாமியார் வீட்டை டாடா விலைக்கு வாங்கிட்டான். ரெண்டு பேரும் ரோட்டுல முறைச்சிக்கறாங்க, உள்ளுக்குள்ள சம்பந்தி. நீங்க ரெண்டு பேரும் ஏன்யா அடிச்சிக்கறீங்க?"

சபையில் காப்பி வந்தது. காப்பியோடு மாமியின் தம்பியும் வந்தார். அவர் மகிந்திரா கட்சி. "லோடு இழுக்கணும்னா அது ஒண்ணுதான். பழைய ஜீப்பு ரத்தம்."

ரத்தப் பரிசோதனை உடனே நடந்தது. 1945இல் ஜே.சி., கே.சி. என்று மகிந்திரா சகோதரர்கள் இருவரும் குலாம் முகமது என்பவரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் பெயர் 'மகிந்திரா அண்டு முகமது'. 1947இல் நாடு பிரிந்தது. முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார்; 1951இல் கவர்னர் ஜெனரலே ஆகிவிட்டார். இந்தப் பக்கம் 1948இல் பெயரை 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என்று மாற்றினார்கள். ரெண்டும் 'எம் அண்டு எம்'தான். ரப்பர் ஸ்டாம்பு செலவு மிச்சம். தேசப் பிரிவினையை இவ்வளவு சிக்கனமாக முடித்த கம்பெனி உலகத்தில் வேறு இருக்காது. அவர்கள் முதலில் பூட்டிய ஜீப்போ, இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வில்லிஸ்.

மாமியின் தம்பி காப்பியை ஆற்றிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

ஜப்பானையும் விட்டுவைக்கவில்லை. 1980களில் நாலு ஜப்பான் மாப்பிள்ளைகள் ஊருக்குள் வந்ததைப் பெரியப்பா நேரில் பார்த்தவர். டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. தலைப்பெயர் நம்முடையது, குடும்பப்பெயர் ஜப்பானுடையது. முதல் கல்யாணம் முறிந்து பொண்ணு கொரியாக்காரன் டேவூ வீட்டுக்குப் போனாள். ரெண்டாமவளை மகிந்திரா கூட்டிக்கொண்டு போனார். மூணாமவள் 2011இல் பெயரையே எஸ்.எம்.எல். இசுசு என்று மாற்றிக்கொண்டாள். 'டெம்போ' கதை இன்னும் வேடிக்கை. அது ஜெர்மன் கம்பெனியின் பெயர். புனேயில் அதைச் செய்துவந்த பஜாஜ் டெம்போ 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது. கம்பெனி பெயரை மாற்றியது, நாம் மாற்றவில்லை. மூட்டை ஏற்றுகிற எதைப் பார்த்தாலும் இன்றைக்கும் டெம்போதான்.

வழக்கு இப்படியே மாசி தாண்டி, பங்குனி தாண்டி இழுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் பெரியப்பா விக்கிரவாண்டியில் டோல் கட்டிக்கொண்டு வந்தார். சித்திரையில் அத்தை மகன் வந்து புதுத் தகவல் இறக்கினான். ஒரகடத்தில் அவனுக்கு வேலை. "மாமா, ஜெர்மன்காரனே ஒரகடத்துக்கு வந்து ஃபேக்டரி திறந்துட்டான். பாரத்பென்ஸ். அசல் நட்சத்திரக் குடும்பம். ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்." 2012 ஏப்ரல் அது. டாடா மூக்கிலிருந்து கழற்றப்பட்ட மூக்குத்தி, நாற்பது வருஷம் கழித்து நம் சீமைக்கே கடை போட வந்திருந்தது.

மாமா கண்ணில் ஒளி. "அப்ப அதுதான் தமிழ்நாட்டு வண்டி! எவ்ளோ சைஸ்?"

"ஒம்போது டன்னுலேர்ந்து ஆரம்பம்."

மாமாவுக்குத் தேவை ஒண்ணேகால் டன். ஒளி அணைந்தது.

அத்தை மகன் விடவில்லை. வண்டி எங்கே செய்யப்படுகிறது என்று கேட்பதே தப்பு என்றான். பல கம்பெனி வண்டிகளுக்கும் பிரேக்கு, வீல், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் சென்னையில் பாடியிலிருந்து போகிறது. டி.வி.எஸ். குழுமத்து ஃபேக்டரிகள் 1960களிலிருந்து அங்கேதான். "பிரேக்கு பாடி. வீலு பாடி. ஸ்டார்ட்டர் பாடி."

"அப்ப பாடி?" என்றார் சித்தப்பா.

"பாடி பாடியில இல்லை. லாரிக்குப் பாடி நாமக்கல், திருச்செங்கோடு. பஸ்ஸுக்குப் பாடி கரூர்."

பெரியப்பாவுக்கு இது புது விஷயமில்லை. எண்ணூரிலிருந்து வெறும் சேசிஸ் வரும். கூரை இல்லை, கதவு இல்லை, டிரைவருக்கு ஒரு சீட்டு மட்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் புழுதியையும் தின்றுகொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் எலும்புக்கூடுகளை ஓட்டிப்போவார்கள். விழுப்புரம் டீக்கடையில் நிறுத்தினால், மண் பூசிய முகத்தில் கண் மட்டும் தெரியும். கம்பெனி செய்வது எலும்பு. சதை வைப்பது கொங்குநாடு. உயிர் கொடுப்பது ஆர்.டி.ஓ.

"அதெல்லாம் போகட்டும்" என்றார் பெரியப்பா. "இருபத்தஞ்சி வருஷமா நீ விக்கறியே மல்லாட்டை, அது எந்த ஊரு?"

"திண்டிவனம்தான். சந்தேகம் என்னா?"

"மணிலாக் கொட்டை. அதான் மல்லாட்டை. மணிலா பிலிப்பைன்ஸ்ல இருக்குது. அங்கயும் அது சொந்தமில்லை, தென்னமெரிக்காவுலேர்ந்து கப்பல் ஏறி வந்தது."

மாமா முதல்முறையாகத் தோற்காமல் பதில் சொன்னார்: "மெய்தான். ஆனா ஊர் ஊரா வெதைக்கிறானே டி.எம்.வி. ரகம், அந்த டி.எம்.வி. என்னா? திண்டிவனம். நம்ம எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல 1940ல விட்ட டி.எம்.வி. 2, பேர் போன ரகம். மணிலாவோ அமெரிக்காவோ, பொறுக்கி எடுத்து மொளைக்க வெச்சவன் ஊருதான்யா அதுக்கு ஊரு."

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். துப்பியதில் பாதி ஒப்புதல் இருந்தது.

தீர்ப்பை வழங்கியது கடைசியில் இன்சூரன்ஸ் செக்கு. தேய்மானம் கழித்து வந்த தொகையைப் பார்த்ததும் எண்ணூர், புனே, ஒரகடம் எல்லாம் ஒரே நொடியில் வரைபடத்திலிருந்து மறைந்தன. அந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்டு வண்டிதான் வரும். டிரைவரைக் கேட்டார்கள். நாலு மாதமாக அவரை யாரும் கேட்கவில்லை. "பழைய வண்டியே எடுங்க. கியர் எங்க இருக்குதுன்னு கைக்குத் தெரியும்" என்றார்.

அதே கம்பெனி. அதே மாடல். அதே வெள்ளை. விழுப்புரத்தில் கிடைத்தது என்பதால் டி.என். 32 போர்டோடு மாமா வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த அவமானம் தனிக்கதை. பின்கதவு மட்டும் துருப்பிடித்துத் தொங்கியது. புதுசு விலை கேட்டு மலைத்துப்போய், காயலாங்கடையில் அரைமணி நேரம் பேரம் பேசி, நீல பெயிண்ட் அடித்த ஒரு பழைய கதவை மாமா வாங்கிவந்தார். காயலாங்கடை என்ற பெயர்கூடக் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள். அங்கேயும் ஒரு ஊர்.

முன்பு எழுதிய அதே பெயிண்டர் வந்தார். நீலத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். அடியில் மஞ்சள் தெரிந்தது. இன்னும் சுரண்டினார். 'மயிலம்' வந்தது. 'முருகன்' வந்தது. கடைசியில் ரெண்டு சுழியோடு 'துனை' வந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் கதவுக்குத் தானே பேரம் பேசி, தானே காசு கொடுத்திருக்கிறார்.

"இந்தக் கதவு எங்க செஞ்சதுய்யா?" என்றார் பெரியப்பா, மெதுவாக.

மாமா அவரைப் பார்க்காமல் பெயிண்டரிடம் சொன்னார்: "அழிக்காத. அந்தச் சுழி ஒண்ணை மட்டும் சேத்துடு."

"ஒரு சுழி சேக்க இடமில்லைங்க. வரியை அழிச்சிதான் எழுதணும். இப்ப நூறு ரூபா."

வண்டி இன்றும் ரெண்டு சுழியோடுதான் ஓடுகிறது.