காலடியில் இருக்கும் பிரேக் ஆயில்

1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, பிரிட்டனில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் கார் எனப் பெயர் பெற்று, இந்தியாவிலும் ‘பேபி இந்துஸ்தான்’ என்னும் பெயரில் சில காலம் ஓடிய மோரிஸ் மைனரைப் பற்றி வாகன வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தாலும், அதன் பிரேக் ஆயில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வரும்போது பண்பாடு கருதி மௌனம் காப்பதே பெரும்பான்மை. அது ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைவிரிப்புக்கும் கீழே, தரைத்தகட்டுக்கும் கீழே, காரைத் தாங்கும் நீள்விட்டத்தில் பொருத்தப்பட்ட மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது பிஸ்டனால் ஆயிலை அழுத்தி, அந்த அழுத்தத்தைக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பும் உருளையே மாஸ்டர் சிலிண்டர் எனப்படும்.

ஆயிலின் அளவைப் பார்க்க விரும்புபவர் தரைவிரிப்பைத் தூக்கி, தகட்டில் உள்ள அடைப்பைக் கழற்றி, தலைமுறை தலைமுறையாகக் காலணிகள் சேர்த்துவைத்த மண்ணைத் துடைத்து, சிலிண்டரின் மூடியைத் திருகி, டார்ச் அடித்து எட்டிப்பார்க்க வேண்டும். துடைத்தது போக எஞ்சிய மண் அப்போது உள்ளே விழும். ஆகவே உரிமையாளர் பலரும், புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணியும் தருக்க நூலாரைப் போல, பிரேக் பிடிப்பதைக் கண்டு ஆயில் உண்டென்று துணிந்து, தரைவிரிப்பை அதன் போக்கில் விட்டுவிடுகின்றனர். ஆயில் இல்லை என்பதற்கான சான்று கிடைக்கும் இடம் பெரும்பாலும் நாற்சந்தியாக இருப்பதே இந்த அனுமான முறையின் ஒரே குறை.

இதற்குக் கண்ட தீர்வு, சிலிண்டரின் மூடி இருந்த துளையில் ஓர் இணைப்பியைத் திருகி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பானெட்டுக்குள் கொண்டுசென்று, அங்கே உயரமான இடத்தில் ஓர் ஒளி ஊடுருவும் டப்பாவில் முடிப்பதாகும். குழாய் வழிநெடுக ஏறுமுகமாகச் செல்லாவிட்டால் காற்று நடுவழியில் தங்கும். டப்பாவின் மூடியில் சிறு காற்றுத்துளை இல்லாவிட்டால் ஆயில் இறங்க மறுக்கும். பிரேக் ஆயிலுக்கென்றே செய்யப்பட்ட குழாய்க்குப் பதிலாகக் கையில் கிடைத்த பெட்ரோல் குழாயை மாட்டினால், அது நாளடைவில் ஊறி உப்பிக் கெட்டுப்போகும்.

அரை நாள் வேலை என்று நம்பப்படும் இது, பழைய சிலிண்டரையும் கழற்றிப் புதுப்பிக்கலாமே என்ற நல்லெண்ணம் தோன்றும் கணத்தில் வேறு வடிவம் எடுக்கிறது. சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முழுதாக உருவ இடம் தராமல், குறுக்கே முன் சக்கரத்தின் டார்ஷன் பார், அதாவது முறுக்கத்தாலேயே ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட எஃகுத் தண்டு, நிற்கிறது. டப்பா மாட்ட வந்தவர் சஸ்பென்ஷனைத் தளர்த்திக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸின் மேதைமையில் எவருக்கும் ஐயமில்லை எனினும், காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர்கள் அதை அந்த நேரத்தில் ஒப்புக்கொள்வதில்லை. பட்டறிவுள்ளோர் மீண்டும் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்புறமிருந்து செருகிவைப்பர்.

ஊற்றப்படும் ஆயிலும் எளிய குணம் உடையதன்று. டாட் 4 எனப்படும் கிளைக்கால் வகை, 230 பாகை செல்சியஸுக்குக் குறையாத கொதிநிலையோடு வந்து, காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து 155 பாகை வரை இறங்கக்கூடும். அது சிந்தினால் பெயிண்டை உரித்துவிடும் என்பதால், பளபளப்பான பானெட்டுக்கு அடியில் அதை உயரத்தில் ஏற்றிவைப்பது துணிச்சலான செயலே. பெயிண்டைத் தொடாத சிலிக்கான் வகையான டாட் 5 உண்டு. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது.

இறுதியில் ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியேற்றிய பின், பானெட்டைத் திறந்தால் எவரும் ஒரே பார்வையில் அளவை அறியலாம். பிரிட்டன் அரசோ 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளித்துவிட்டதால், வந்து பார்க்க வேண்டிய கட்டாயம் எந்த ஆய்வாளருக்கும் இல்லை.