நெருப்பைக் கையாளத் தெரிந்தவர்கள்

பெரியதாழைக் கரையில் பீடி பிடிக்கும் அண்ணன்மாரைப் போல நெருப்பைக் கையாளத் தெரிந்தவர்கள் அபூர்வம். படகு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றக் கேனைத் திறந்தால், அந்தப் பக்கம் ஒரு பீடி புகையாது. வலையைப் பழுது பார்க்க உட்காரும்போது பீடியை மணலில் குத்தி அணைத்துவிட்டுத்தான் நைலானை மடிக்கு இழுப்பார்கள். ஒரு பொறி விழுந்தால் போதும், நூல் உருகிக் கண்ணி அறுந்துபோகும். சாமியார் எதிரே வந்தால் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். கோயிலுக்குள் பூசை எத்தனை நேரம் நீண்டாலும் ஒருவரும் பற்றவைப்பதில்லை. இவ்வளவு அடக்கம் எல்லாருக்கும் வாய்க்காது.

காற்றைப் பற்றி இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவும் முடியாது. கச்சான் எது, கொண்டல் எது, வாடை எது என்று கன்னத்தில் படும்போதே சொல்லிவிடுவார்கள்.

சுத்தத்திலும் குறை சொல்வதற்கில்லை. கரையேறி வந்ததும் மீன் கவிச்சி போக நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குவார்கள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பீடியைப் பற்றவைப்பார்கள். அப்பா இழுத்து விடும் புகை ஒரு பக்கம். இரண்டு இழுப்புக்கு நடுவே பீடி நுனி சும்மா எரிந்து விடும் புகை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதில் நஞ்சு இன்னும் அடர்த்தி. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உண்டு, அவற்றில் எழுபது வரை புற்றுநோய் தருபவை. பிள்ளைக்கு மூச்சிழுப்பும் சளிக்காய்ச்சலும் காதுச்சீழும் அங்கிருந்து வரலாம். நைலான் உருகும் என்று அஞ்சுகிறவர்கள், பிள்ளையின் நெஞ்சு எதையும் தாங்கும் என்று வைத்திருக்கும் நம்பிக்கை மிகப் பெரியது.

வீட்டுப் பெண்கள் மேல் வைத்த நம்பிக்கை அதைவிடப் பெரியது. பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு பரிமாறுகிற அக்கா ஒரு நாளும் முகம் சுளிக்க மாட்டார், எழுந்து போகவும் மாட்டார். ஜப்பானில் ஹிராயாமா என்ற மருத்துவர் புகைபிடிக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-இல் எழுதினார்: கணவர் நிறையப் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அந்த மனைவியரும் பொறுமைசாலிகள்தாம்.

சட்டத்தையும் பாராட்டியாக வேண்டும். 2003-இல் புகையிலைச் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 60-க்கு 30 சென்டிமீட்டர் வெள்ளை அறிவிப்புப் பலகை, 200 ரூபாய் வரை அபராதம், பேருந்து நிறுத்தம்கூட அதில் அடக்கம். வீட்டு வாசலில் மட்டும் சட்டம் நின்றுவிட்டது. உள்ளே ஒரு தகப்பனின் அன்பு இருக்கும் என்று எண்ணியதோ என்னவோ. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே புகையிலைப் புகைக்கு ஆளாகியிருந்தார்கள்.

சன்னலைத் திறந்துவைத்தோம், ஃபேனைப் போட்டோம் என்று சொல்லும் அண்ணன்மாரும் அக்கறை உள்ளவர்களே. ஆனால் அறைக்குள் பிடித்த புகை சன்னல் வழியே முழுதாகப் போவதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. கச்சானும் கொண்டலும் தெரிந்தவர்களுக்கு, நாலு சுவருக்குள் காற்று எப்படிச் சுழலும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அணைக்கத் தெரியாதவர்களிடம் கேட்டால் வீண். எண்ணெய்க்கும் வலைக்கும் சாமியாருக்கும் தினமும் அணைக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன், அண்ணே. அடியோடு விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். விடும் வரைக்கும் வாசலைத் தாண்டி, பிள்ளைகள் விளையாடாத பக்கமாகப் போய்ப் பிடித்துவிட்டு வாருங்கள்.