பையியல்: பை கண்டு பள்ளி அறிதல்

மாணாக்க, கேள். பள்ளிகளைத் தேர்ச்சி விழுக்காட்டால் பகுப்போர் உளர். அது கல்லாதார் நெறி. பள்ளி மூவகைப்படும். மூன்றையும் பிள்ளையின் முதுகில் தொங்கும் பை கொண்டே அறிக.

இதற்கேற்ற களம் மும்பையின் சீத்தா கேம்ப். 1976-இல், நெருக்கடி நிலையில், அணு ஆய்வு நடுவத்துக்காக ஜனதா காலனி இடிபட, அங்கிருந்தோர் டிராம்பேயின் இந்நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர். தமிழும் உருதும் இந்தியும் ஒரே குழாயடியில் கேட்கும் ஊராதலின், மூவகைப் பையும் ஒரே சந்தில் காலை ஏழு மணிக்குக் காணலாம்.

முதலாவது, வழங்கற்பை. இது முனிசிபாலிட்டிப் பள்ளியின் அடையாளம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. மொழி எட்டாயினும் பை ஒன்றே. பை, காலணி, மழைக்காப்பு, நீர்ப்புட்டி, நோட்டு என 27 பொருள் விலையின்றி வழங்கப்படும் என்பது நெறி. இவ்வழங்கல் வரவுவகையால் மூன்றாகும். ஜூன் நடுவில் பள்ளி திறக்குமுன் வருவது முன்வரவு. இது ஏடுகளில் மட்டும் காணப்படும். மழையோடு வருவது உடன்வரவு. மழை ஓய்ந்தபின் வருவது பின்வரவு. ஐப்பசியில் வரும் குடை பின்வரவின் உட்பிரிவான கடும்பின்வரவாம். காலணி பின்வரின் கால் முன்வளரும். அப்போது அண்ணனுக்கு வந்தது தம்பிக்குச் சேரும். இது வழிமாற்று எனப்படும்.

இரண்டாவது, விலைப்பை. தனியார் பள்ளிக்குரியது. மாடிவீட்டின் மேல்தளத்தில் இயங்கும் ‘இங்கிலீஷ் மீடியம்’ பை, வேனேறிச் செல்லும் பை, குலுக்கற்பை என விரியும். இறுதியானது நுண்ணியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளி நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை எளியோர்க்கு ஒதுக்க, மகாராட்டிரத்தில் லாட்டரி எடுத்துப் பிள்ளை பொறுக்குவர். கட்டணம் அரசினது. பையின் உள்ளீடு யாரது என்பதில் உரைகாரர் வேறுபடுவர்.

மூன்றாவது, கன்னியர்பை. கன்னியர் நடத்தும் கான்வென்ட் பள்ளிக்குரியது. சயான்–டிராம்பே சாலை வழியே செம்பூர்வரை செல்லும். இதன் சிறப்புறுப்பு ‘காலண்டர்’ எனும் சிற்றேடு. அதில் தாமதம், நீள்நகம், வகுப்பில் தமிழ் பேசியது ஆகியன சிவப்பு மையில் பதிவாகும், தந்தை கையெழுத்திடுவார். தாய் ஒப்பமிடுவது போலியொப்பம் என ஐயுறப்படும். பை ஏசுவினது, முதுகு யாருடையதும் ஆகலாம். மேற்சொன்ன 25 விழுக்காடு இதற்கில்லை. சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என உச்ச அறமன்றம் 2014-இல் தீர்த்தது. ஆதலின் கன்னியர்பையில் குலுக்கற்பை என்னும் உட்பிரிவு தேடேல்.

எடையால் பகுத்தல் கூடுமோ எனின், கூடாது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒன்றுக்கு மேல் பை கனக்கலாகாது என மகாராட்டிர அரசு 2015-இல் ஆணையிட்டது. முப்பது கிலோப் பிள்ளைக்கு மூன்று கிலோ. ஆனால் மூவகையாரும் இவ்வாணையை ஒருங்கே மீறுவதால் வேறுபாடு தோன்றாது.

எப்பள்ளி நன்று எனக் கேட்கிறாய். அது பையியலின் புறம்.

ஒரு வரம்பு மட்டும் குறித்துக்கொள். மாலை ஆறுக்குமேல் இவ்வியல் செல்லாது. மூவகைப் பிள்ளையும் பள்ளிப்பையை வீட்டில் வைத்து, இரண்டு நோட்டை ஞெகிழிப் பையில் இட்டு, ஒரே அக்காவிடம் ஒரே பாயில் டியூஷனுக்கு அமர்வர். அப்பை வகைப்படாப் பை எனப்படும். அதற்கு நூற்பா இன்னும் இயற்றப்படவில்லை.