கனமூலத்தில் ஒரு தேதி

ஒஸ்லோ அரண்மனைப் பூங்காவின் மேட்டில் ஓர் இளைஞன் உடம்பில் நூலிழை இல்லாமல் நிற்கிறான். பனி கொட்டும் நாளில் பார்க்கிற நமக்கே பல் கிட்டித்துவிடும். கணித மேதை நில்ஸ் ஹென்ரிக் ஏபெலின் நினைவாகக் குஸ்தாவ் வீகலண்ட் வடித்த சிலை இது, திறந்தது 1908இல்.

இந்த ஏபெல் 1823 கோடையில் கோபன்ஹேகனிலிருந்து தன் ஆசிரியர் ஹோம்போவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தேதி போட வேண்டிய இடத்தில் அவர் போட்டது 6064321219இன் கனமூலம். தசமத்தையும் கணக்கில் எடுக்கவேண்டுமாம். கால்குலேட்டர் இல்லாத காலம், ஹோம்போ பாவம். என் மகன் காசு கேட்டு இப்படி எழுதினால், மேற்கொண்டு படிக்காமலே அனுப்பிவிடுவேன்.

விடை 1823.59083. அந்தத் தசமத்தை 365ஆல் பெருக்கினால் 215.65. ஆக, ஆண்டின் 216ஆவது நாள், ஆகஸ்ட் 4. ஏபெல் பிறந்தது 1802 ஆகஸ்ட் 5. நாளைக்கு எனக்கு 21 வயது என்பதை இதைவிடச் சுற்றிவளைத்து எவராலும் சொல்ல முடியாது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏபெல் எழுதிய எண்ணின் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினேன். ஒரு பக்கம் 17, மறுபக்கமும் 17. அப்படியானால் எண் 11ஆல் மீதியின்றி வகுபடும்! ஈவு 551301929.

நான் வாழும் நோர்வேயில் 11ஆல் வகுபடுவது சின்ன விஷயமில்லை. நம்மவர்கள் பேர்சன் நம்பர் என்று சொல்லும் 11 இலக்கம் இல்லாவிட்டால் இங்கே ஆளே இல்லை. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த மூன்றில் கடைசி, ஆணா பெண்ணா என்று சொல்லும், ஒற்றையென்றால் ஆண். மிச்சம் இரண்டும் காவல்காரர்கள். 1964இல் இம்முறை வந்தபோது அவர்களை நியமித்தவர் ஏர்ன்ஸ்ட் செல்மர் என்ற கணிதப் பேராசிரியர். இலக்கங்களை வரிசையாக 5, 4, 3, 2, 7, 6, 5, 4, 3, 2, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் தொகை 11ஆல் வகுபட வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் வகுபடாது, பிடிபட்டுவிடும். 11 பகா எண், பத்தைவிடப் பெரியது என்பதால் வந்த கெட்டித்தனம் இது. காவல் இலக்கம் 10 என்று வந்தால் அந்த எண்ணையே தள்ளிவிடுவார்கள். பிள்ளை கிடைக்காத எண்கள் எத்தனையோ!

இதையெல்லாம் மனைவியின் மாமாவிடம் விளக்கினேன். அவர் எண்சோதிடக்காரர். கணிதத்துக்கான ஏபெல் பரிசு, சென்னையில் பிறந்த வரதனுக்கு 2007இல் கிடைத்ததிலிருந்து ஏபெலையும் சொந்தக்காரர் கணக்கில் சேர்த்துவிட்டவர். செல்மரை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"தம்பி, எல்லாத்தையும் கூட்டினா 34. மூண்டும் நாலும் ஏழு. கேது. பெடியன் எத்தினை வயசிலை போனவன்?"

"26, மாமா. காசநோய். பெர்லினிலை வேலை கிடைச்ச கடிதம் வரமுந்தியே..."

"பாத்தியே! பேரிலை ஒரு எழுத்துக் கூட்டியிருக்கலாம்."

பிறகு என் எண்ணைக் கேட்டார். கூட்டிப் பார்த்து முகம் சுளித்தார். எண்ணை மாற்ற ஏலாது, பேரையாவது மாற்று என்றார். சரியென்று அன்றிரவே கணினியைத் திறந்தேன். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்குள் நுழைவதற்கே அது என் 11 இலக்கத்தைக் கேட்டது.