தூண்டில்கோல் பேனாக்காரர்

தூண்டில்கோல் பேனாக்காரர் என்பவர் பழைய மூங்கில் தூண்டில்கோல்களைத் தேடிப் பிடித்து, அறுத்து, கடைந்து, பேனாவாக்கி விற்பவர். அமெரிக்காவில் மெய்ன், வெர்மான்ட், நியூயார்க், பென்சில்வேனியா, மிச்சிகன் பக்கம், ஓடையும் ஏரியும் நிறைந்த ஊர்களில் இவரைக் காணலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முன்பு பொறியாளராகவோ, பள்ளியில் மரவேலை கற்பித்தவராகவோ, பல் மருத்துவராகவோ இருந்திருப்பார். பல் மருத்துவர் இதில் சீக்கிரம் தேறிவிடுவார். துளை போடுவதும் பசை வைப்பதும் மெருகேற்றுவதும் அவருக்குப் பழகிய வேலை, மூங்கில் அலறுவதுமில்லை. கார் நிறுத்தக் கட்டிய ஷெட்டில் லேத் நிற்கும். கார் வெளியே பனியில் நிற்கும்.

மீன் பிடிப்பீர்களா என்று கேட்டால், “ஒரு காலத்தில் பிடித்தேன்” என்பார். எழுதுவீர்களா என்று அவரை யாரும் கேட்பதில்லை.

இவருக்கு வேண்டிய சரக்கு சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. செயற்கை ஈயைக் கொக்கியில் கட்டி ட்ரௌட் பிடிப்பதற்கு (நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே ட்ரௌட்தான்) நீளமும் லேசும் வளைந்து நிமிரும் தெம்பும் உள்ள கோல் வேண்டும். 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் ஃபிலிப்பி, மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரின் ஹைரம் லெனார்ட் அந்தப் பட்டைகளைச் சீவுவதற்கு ஓர் இயந்திரத்தையே அமைத்தார். முக்கோணமாகச் சீவிய ஆறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கோல் கிடைக்கும். மூங்கில் முதலில் இந்தியாவிலிருந்து போயிற்று. அமெரிக்காவில் அதைக் கல்கத்தா மூங்கில் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்து மூங்கில் வந்து அதை ஓரங்கட்டியது.

பிறகு இரண்டு இடி விழுந்தன. 1947இல் மிச்சிகனைச் சேர்ந்த ஷேக்ஸ்பியர் நிறுவனம் (நாடகாசிரியருக்கும் இதற்கும் தொடர்பில்லை) கண்ணாடியிழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1950இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டது. தடை இருபது ஆண்டு நீடித்தது. மூங்கில் கோல்கள் பரணேறின. கோடை வெக்கையும் மழை ஈரமும் அங்கே மாறி மாறித் தாக்கின. அந்தக் காலத்துப் பசை பெரும்பாலும் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்தது; ஈரம் கண்டால் பிடி விட்டுவிடும். கூட்டுக்குடும்பமாக இருந்த ஆறு பட்டைகளும் தனித்தனியே திரும்பிக்கொண்டன. தாத்தா போன பிறகு பேரன் பரணைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான் பாக்கி. பேனாக்காரர் வாசலில் நிற்பார்.

இவருக்கு ஒரு விரதம் உண்டு. உடைந்த கோலை மட்டுமே அறுப்பார், முழுக்கோலைத் தொடமாட்டார். அறிமுகமாகும் எவரிடமும் முதல் ஐந்து நிமிடத்தில், கேட்காமலே, இதைச் சொல்லிவிடுவார். விரதத்தில் பொய் ஏதும் இல்லை. உடைந்த கோல் எது என்ற வரம்புதான் வருடா வருடம் கொஞ்சம் நகரும்.

தொடக்கத்தில் நடுவில் முறிந்த கோல் மட்டுமே உடைந்த கோல். மூங்கில் கோல் வழக்கமாக மூன்று துண்டும் கூடுதலாக ஒரு நுனியுமாக வரும் என்பதால், அந்தக் கூடுதல் நுனி காணாமல்போனதும் உடைந்ததுதானே என்று அடுத்த ஆண்டு தோன்றும். பிறகு நுனியில் இரண்டு அங்குலம் குறைந்தது. பிறகு பசை விட்டது, வளைந்தபடி நின்றுவிட்டது, வார்னிஷ் வெடித்தது. முற்றிய நிலையில், எந்தக் குறையும் இல்லாத கோலை ஒருவர் கொண்டுவந்து நீட்டினாலும், பேனாக்காரர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்து, “உள்ளே போய்விட்டது” என்பார். உள்ளே என்ன போயிற்று என்று எதிர்த்துக் கேட்க யாருக்கும் தெரியாது.

சரக்கு கிடைக்கும் இடம், சனிக்கிழமைக் காலைகளில் வீட்டு வாசலில் பரப்பும் பழஞ்சாமான் விற்பனையும், இறந்தவர் வீட்டுச் சாமான் ஏலமும். தூண்டில்கோலை நேராகப் பார்த்து விலை கேட்டால் விலை ஏறும். ஆகவே முதலில் வாஃபிள் சுடும் இயந்திரத்தைக் கையில் எடுத்து விசாரிப்பார். கோல் போகிற போக்கில், கொசுறாக வர வேண்டும். அவர் வீட்டில் ஐந்தாறு வாஃபிள் இயந்திரங்கள் இருப்பது இதனால்தான்.

லெனார்ட், ஜிம் பெய்ன், எவரெட் காரிசன் போன்றவர்கள் செய்த கோல் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அது இவர் கைக்கு வராது. வருவதெல்லாம் மாண்டேக், ஹாரக்ஸ்–இபட்சன், சவுத் பெண்ட் போன்ற ஆலைகள் சாதாரண ஜனங்களுக்காகச் செய்து குவித்தவை. ஊருக்கு ஒருவராவது, “தாத்தா போர் முடிந்து கொண்டுவந்தது, விலைமதிக்க முடியாதது” என்று நேர்த்தியான மரப்பெட்டி ஒன்றை நீட்டுவார். உள்ளே இருப்பது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுக்காக வாங்கிவந்த கோல். பெட்டி அருமை, கோல் சுமார். சேகரிப்பாளர்கள் உதட்டைப் பிதுக்கும் இந்தப் பெட்டியைக் கண்டால் பேனாக்காரருக்குக் கொண்டாட்டம். முழுக்கோலையே அறுக்கலாம், விரதத்துக்கும் பங்கமில்லை. செய்தபோதே உடைந்ததாகக் கணக்கு.

இனி வேலை. எட்டரை அடிக் கோலின் அடிப்பகுதி ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தடிமன். நுனியில் 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. மிக மெல்லிய பேனாவுக்கான பித்தளைக் குழாய்க்கே 7 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஒன்பதில் ஏழு போனால், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் சுவர். துளைப்பான் பாதி வழியில் மனம் மாறிப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும்போது பேனாக்காரர் சொல்லும் சொற்கள் தெருவில் போகும் பாதிரியாருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஷெட்டில் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும். ஆக, அத்தனை நீளக் கோலில் பேனாவுக்கு உதவுவது கைப்பிடியை ஒட்டிய ஓரிரு முழம்தான். பொறுமைசாலிகள் ஆவி காட்டிப் பசையை இளக்கி, ஆறு பட்டைகளையும் பிரித்து, பெரிய குழாயைச் சுற்றி மறுபடி ஒட்டுகிறார்கள். மற்றவர்கள் துண்டுகளை அச்சில் போட்டுப் பிசினை ஊற்றி உறைய வைக்கிறார்கள்.

இங்கேதான் இந்தக் கலையின் விசேஷம். மூங்கிலின் வலுவெல்லாம் புறத்தோலுக்கு அடியில் நெருங்கி ஓடும் நாரில் இருக்கிறது. அந்த நாரைக் காப்பாற்றுவதே கோல் செய்பவரின் வித்தை. பட்டையின் மூன்று முகங்களில் உள்ளே போகும் இரண்டை மட்டுமே, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்குப் பார்த்துச் சீவுவார். வெளிமுகத்தில் உப்புத்தாள் கொஞ்சம் அழுந்தினாலும் அவருக்குத் தூக்கம் போய்விடும். லேத்தில் அறுகோணம் சுழலும்போது உளி முதலில் கடிப்பது அந்த வெளிமுகத்தின் மூலைகளைத்தான். கோல் எதனால் கோலாக இருந்ததோ அது ஒரு நிமிடத்தில் தரையில் தூளாகக் கிடக்கும். பேனாக்காரர் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, மிஞ்சியதைக் காட்டி, “காப்பாற்றிவிட்டேன்” என்பார். சுழற்றி உருட்டிய பேனா மேசையிலிருந்து உருண்டு விழும். அறுகோணத்தை அப்படியே விட்டுச் செய்பவர்களும் உண்டு. அவர்களுடைய பேனா விழுவதில்லை. இவ்வட்டாரத்தில் அவர்களுக்குத்தான் கொஞ்சம் கர்வம் அதிகம்.

மெருகு தனி அத்தியாயம். நம்மூரில் ஃபெவிகுவிக் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இனத்துப் பசையை மெல்லிய பூச்சாகப் பத்துத் தடவைக்கு மேல் பூசி, உப்புத்தாளில் தொடங்கி 12000 எண் கொண்ட மெருகுத்தாள் வரை தேய்க்க வேண்டும். 12000 என்பது பார்ப்பதற்குத் துணி மாதிரி இருக்கும். அது எதையும் தேய்க்கிறதா என்ற சந்தேகம் நெருங்கிய நண்பர்களிடையே கிசுகிசுக்கப்படுவதுண்டு. பழைய கோலில் தூண்டில் நூல் ஓடும் வளையங்களைப் பிடித்திருந்த பட்டுநூல் கட்டு இற்றுப்போயிருக்கும் என்பதால், அதே நிறத்தில் புது நூல் சுற்றுவார். வார்னிஷ் பட்டதும் பட்டு கண்ணாடியாகி நிறம் மறைந்துவிடும். மறுபடி சுற்றுவார்.

நியாயமாகச் சொன்னால், கை தேர்ந்தவரின் பேனா அழகானதுதான். தேன் நிறத்தில் ஆறு பட்டைகளின் ஒட்டுக்கோடுகள் நூல் பிடித்தாற்போல ஓடும். கோலின் துண்டுகளைப் பூட்டிய பழைய இணைப்புக் குழல் நிக்கல் சில்வரில் மூடியாகி மின்னும். அதில் வெள்ளி ஒரு பொட்டுக்கூட இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். கைப்பிடித் தக்கையின் வில்லைகள் விரல் பிடிக்கும் இடமாகும். நுனித் துண்டுகள் பெண்கள் கொண்டையில் செருகும் குச்சியாகும், மிஞ்சியது தக்காளிச் செடிக்கு. பேனாவின் உட்குழல், திருகு, கொக்கி எல்லாம் பெட்டியில் தயாராக வரும்; அநேகமாகத் தைவானிலோ சீனாவிலோ செய்தவை. குவாங்டொங்கில் வெட்டுப்பட்டுக் கடல் தாண்டிய மூங்கில், தன் ஊர்ப்பக்கத்துப் பித்தளையை வயிற்றில் வாங்கிக்கொள்கிறது. “முழுக்க அமெரிக்காவில் செய்தது” என்று மேலே அச்சடித்திருக்கும்.

அந்த அச்சு இருப்பது பேனாவோடு வரும் அட்டையில். பேனாக்காரர் உண்மையில் எழுதும் ஒரே இலக்கியம் இதுதான். அதையும் கணினியில் தட்டித்தான் எடுக்கிறார். அட்டையில் எந்தக் கோலும் 1920 வாக்கில் செய்தது. கோலுக்கு உரியவர் எப்போதும் ஒரு கிராமத்து வைத்தியர். விடியலில் ஆற்றுக்குப் போவார். கல்கத்தா மூங்கிலாக இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். அந்த மூங்கிலில் அங்கங்கே தீச்சுட்ட கறை இருக்கும். கழி பதப்படுத்தும்போது பட்ட சூடாக இருக்கலாம் என்று யோசிக்காமல், கங்கைக் கரையில் சாதுக்கள் யாகத்தில் காட்டி எடுத்தது என்று அட்டை அடித்துச் சொல்லும்.

கைவினைச் சந்தையில் கடை போட்டால் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மனைவியரும் மகள்களும். எல்லாம் வைத்திருக்கும் அப்பாவுக்குத் தந்தையர் தினத்தில் என்ன தருவது என்ற கேள்விக்கு இது விடை. கோலுக்குக் கொடுத்த பணத்தைக் கழித்துப் பேனாக்காரர் லாபக் கணக்குக் காட்டுவார். லேத், உளி, பசை, மின்கட்டணம் அதில் வராது. வாஃபிள் இயந்திரங்களும் வரா.

இவருக்குப் பகையாளி, பழைய கோல்களைப் பழுதுபார்த்து மீண்டும் மீன் பிடிக்க வைப்பவர். கடைமுன் வந்து நின்று, ஒரு பேனாவைக் கையில் எடுத்து, “இதை ஒட்டியிருக்கலாமே ஐயா” என்பார், இழவு வீட்டுக் குரலில். பேனாக்காரர் விரதத்தை எடுத்துச் சொல்வார். வார்த்தை தடிக்கும். கூட்டம் கலைந்த பிறகு இருவரும் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துப் பேரம் பேசுவார்கள்: பழுதுபார்ப்பவருக்கு இணைப்புக் குழல் வேண்டும், பேனாக்காரருக்கு அவர் கழித்துக்கட்டிய அடித்துண்டு வேண்டும். இந்தப் பண்டமாற்று பல ஆண்டாக நடக்கிறது. அடுத்த சந்தையில் சண்டையும் நடக்கும்.

விற்ற பேனாக்களில் பாதி பெட்டியோடு மேசை இழுப்பறையில் தங்கிவிடும். மற்றவை மீன்பிடிக் குறிப்பேட்டுக்குப் போகின்றன. தேதி, ஆறு, தண்ணீரின் குளிர்ச்சி, கட்டிய ஈ, பிடித்த மீனின் நீளம் என்று ட்ரௌட் பிடிப்பவர்கள் ஒழுங்காகக் குறித்து வைப்பவர்கள். பிடித்ததை உடனே ஆற்றில் விட்டுவிடுவது இப்போதைய மரபாகையால் நீளத்துக்கு வேறு சாட்சி கிடையாது. பால்பாயிண்டில் பதினோரு அங்குலம் என்று எழுதிவந்த கை, இந்தப் பேனா வந்த பிறகு பதினான்குக்குக் குறைந்து எழுதுவதில்லை.