அம்மாவின் கூலி

எண்பதுகளில் பருத்தித்துறைத் தும்பளையில் எங்கள் அடுப்படி விடிய முன்பே புகையத் தொடங்கிவிடும். அம்மா வடை சுட்டு விற்றார். உளுந்தை ஊறப்போட்டு, கோதுமை மாவும் மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் குழைத்து, மெல்லிசாகத் தட்டிப் பொரிக்கும் பருத்தித்துறை வடை. ஈரம் வற்றப் பொரிவதால் நாட்கணக்கில் மொறுமொறுப்புக் குறையாது.

அவரிடம் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. உளுந்து, மா, எண்ணெய், விறகு. விற்ற காசில் இவற்றைக் கழித்து மிஞ்சியதை இலாபம் என்பார். உயர்தர வகுப்பில் கணக்கீடு படிக்கத் தொடங்கியபோது அந்தக் கொப்பியை வேறு கண்ணால் பார்த்தேன். உளுந்தும் எண்ணெயும் வடையின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் மாறும் கிரயம். தாச்சியும் அடுப்புக் கொட்டிலும் ஒரு வடை சுட்டாலும் ஆயிரம் சுட்டாலும் அப்படியே நிற்கும் நிலையான கிரயம். இரண்டிலும் சேராத ஒன்றைப் பொருளியல் ஆசிரியர் சொன்னார்: அமையச் செலவு. ஒன்றைச் செய்வதற்காக எதைக் கைவிடுகிறோமோ அதன் பெறுமதி. அம்மாவுக்கு நன்றாகத் தைக்கத் தெரியும். அடுப்படியில் கழிந்த ஒவ்வொரு காலையிலும் ஒரு தையற்கூலி போனது. அதைச் சொன்னேன்.

"என்ர கைக்கு ஆர் மோனை காசு தாறது?" என்றார்.

1990இல் போரோடு அரசின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பள்ளிக்கூடம் விட்டுவந்து அடுப்பெரிக்கப் பனங்காணியில் கொக்கரையும் பன்னாடையும் ஊமலும் பொறுக்கினோம். கொப்பியில் விறகுக்கு நேரே ஒன்றும் எழுதப்படவில்லை. பிள்ளைகளின் மாலைப்பொழுது அந்தக் கொப்பியில் செலவே இல்லை.

இப்போது நான் கணக்கீடு படிப்பிக்கிறேன். மச்சாள் வடை சுடுகிறா. கொப்பி இருந்த இடத்தில் கைபேசி. 2020இல் உளுந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோதும், அடுத்த ஆண்டு பாம் எண்ணெய் இறக்குமதியை அரசு தடைசெய்தபோதும், 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாயானபோதும் அவ விலையைக் கூட்டினா. உளுந்துக்காரனுக்கும் எரிவாயுக் கம்பனிக்கும் போகவேண்டிய காசு வடையின் விலையில் உடனே ஏறியது. சுடுகிறவவின் கூலி மட்டும் அன்று போலவே இன்றும் ஏறவில்லை. அம்மா காலத்துத் தடையின்போது அதற்கு ஒரு காரணமாவது இருந்தது: வாங்குகிற சனத்திடமும் காசில்லை. இன்று அதே வடை பொதியாகி ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகிறது.

போன மாதம் ஒரு கிரயத்தாள் போட்டுக் கொடுத்தேன். முதல் வரியில் கூலி.

"இதையும் சேர்த்தா ஆர் அண்ணை வாங்குவினம்?"

அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கூலி சேராத விலைக்கு விற்கும்போது, தின்பவருடைய செலவில் ஒரு பங்கை மச்சாள்தான் கட்டுகிறா. வெளிநாட்டில் மணித்தியாலக் கூலி வாங்கும் சொந்தக்காரருக்கு, கூலியே இல்லாத ஒருத்தி கொடுக்கும் மானியம் அது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளிநாட்டுப் பொதிக்குக் கூலி சேர்த்த விலை, உள்ளூர்க் கடைக்குப் பழைய விலை என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறா. கடை விலையிலும் பாதிக் கூலியாவது ஏறவேணும் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.