பட்டாவில் ஏறும் மோட்டார் சைக்கிள்: வஹகோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆளைச் சுமக்கப் பிறந்தது மோட்டார் சைக்கிள். அதையே இன்னொரு வாகனம் சுமக்க நேர்ந்தால் எழும் சிக்கல்களுக்கு அறிஞர் உலகம் உரிய இடம் தரவில்லை என்பது எமது தாழ்மையான முறைப்பாடு. குறையைப் போக்க வஹகோட்டையைக் களமாகக் கொண்டோம். மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்கு அருகே உள்ள இவ்வூர், கண்டி அரசர் காலத்தில் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர் ஊர் என்று பேர்பெற்றது. புனித அந்தோனியார் திருத்தலம் இருப்பதும் இங்கேதான். ஜூன் திருவிழாவுக்கு பைக்கில் ஏறி வந்து, பைக்கை ஏற்றிக்கொண்டு திரும்புவோர் இருக்கத்தான் செய்வர். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோனியார். வளைவில் லொறியிலிருந்து தெறித்துப்போன பைக் அந்தக் கணக்கில் சேருமா என்பதை இறையியலாளர் தீர்க்கட்டும். எமது எல்லை கயிறோடு முடிகிறது.

முதலில் வாகனத் தெரிவு. டபுள் கெப் பார்வைக்குக் கம்பீரம். ஆனால் அதன் பின்தட்டு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர், பைக்கோ இரண்டு மீற்றருக்குச் சற்றே குறைவு. மிச்சம் திறந்த கதவின்மேல் நீட்டிக்கொண்டு வரும். ஊரார் ‘பட்டா’ என்றழைக்கும் சிறு லொறியில் இரண்டு மீற்றருக்கு மேல் இடமுண்டு. கௌரவத்தை விட்டால் பைக் முழுசாக ஏறும்.

ஏற்றுதலில் பலகையின் நீளமே எல்லாம். தட்டின் உயரம் 70 சென்ரிமீற்றர், பைக்கின் எடை 115 கிலோ என்று கொள்வோம். 140 சென்ரிமீற்றர் பலகையில் 58 கிலோவைத் தூக்குகிற பலம் வேண்டும். 210 சென்ரிமீற்றர் பலகை போட்டால் 39 கிலோ போதும். உராய்வையும், பக்கத்தில் நின்று திட்டுகிற பெரியவரையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. தட்டுக்குச் சமமான மண்மேடு ஒன்றுக்கு லொறியைப் பின்னால் எடுத்து ஒட்டினால் கணக்கே வேண்டாம் என்பது இத்துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் மேடு இருக்குமிடத்தில் பைக் பழுதாவதில்லை.

இனி ஆய்வின் மையப் பிரச்சினை: ஐந்தாவது கயிறு. ‘தம்பி, நீங்க மேல ஏறி நல்லா புடிச்சுக்கங்க’ என்று பைக்கின்மேல் உட்கார்த்தப்படும் இளைஞனையே இப்பெயரால் சுட்டுகிறோம். இவர் எடையைக் கூட்டுகிறார். எடையின் மையத்தை மேலே தூக்குகிறார். லொறி சடாரென்று பிரேக் போட்டால் பைக்கைவிட முன்னதாகப் பயணிக்கிறார். போன் அடித்தால் கைவிடும் கயிறு உலகில் இது ஒன்றுதான். பைக் தனியே விழுந்தால் கண்ணாடியும் கிளட்ச் பிடியும் போகும். இவரோடு விழுந்தால் ஆஸ்பத்திரி. ஆதலால் ஐந்தாவது கயிற்றைச் சாரதிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதே முறை.

மற்ற நான்கும் வேலை செய்தால் ஐந்தாவதுக்கு அவசியமே எழாது. முன்சில்லை கெபினோடு ஒட்டிய பலகையில் முட்டவைத்து, ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க் இணையும் இடத்தில் பட்டி போட்டு, இரண்டு பக்கமும் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்க வேண்டும். முன் ஷொக் பாதியளவு அமுங்கினால் போதும். அதன் ஸ்பிரிங் திருப்பித் தள்ளுகிற தள்ளல்தான் பட்டியை விறைப்பாக வைத்திருக்கிறது. முழுதாக அமுக்கினால் சீல் கெட்டு எண்ணெய் கசியலாம். அமுக்காமலே கட்டினால் முதல் குழியில் கொக்கி கழன்றுவிடும். பின்பக்கத்துக்கு இரண்டு பட்டி, நழுவாமலிருக்க மட்டும். ஹேண்டில் நுனியில் கட்டுவோரும், சைட் ஸ்டாண்டை நம்புவோரும் உளர். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் பைக் ஒவ்வொரு குலுக்கலிலும் தன் பட்டியைத் தானே தளர்த்திக்கொள்கிறது. ஸ்டாண்டை மடக்கி நேராக நிறுத்துவதே நலம். நைலோன் கயிறு நனைந்தால் இளகும் என்பதை ஏ9 வீதியின் மழை பலருக்கும் கற்பித்திருக்கிறது. பத்து நிமிடம் ஓடியதும் ஓரமாக நிறுத்தி மறுபடி இறுக்குவது கட்டாயம். தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தினால் இவ்விதியை ஒருவரும் மீறுவதில்லை.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்போருக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய பைக்கும் சொத்தாகிவிட்டது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் அதற்கு வாய்த்தது. அப்போதும் யாரும் அதை விற்றுவிடவில்லை.

இறக்குதல் தனி நூலுக்குரிய பொருள். ஏற்றும்போது சூழ்ந்துநின்ற ஆலோசகர்கள் இறக்கும்போது கலைந்திருப்பர். பின்னோக்கி இறங்கும் பைக்கின் பாரம் பின்சில்லில் நிற்பதால் முன்பிரேக் பிடித்தாலும் சறுக்கும். கூடவே நடப்பவருக்குக் கால்பிரேக் எட்டாது. எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து இறக்கினால் அதுவே பின்பிரேக். பலகையை லொறித் தட்டோடு கட்டிவைத்தோமா என்ற கேள்வி இதற்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.